வெயிலை விடாத மாமி

மதுரையில் மழை பெய்வதே அபூர்வம். பெய்தால் எங்கள் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வீட்டிலிருந்து மட்டும் வசவு கேட்கும்.

"வந்துருச்சு பாரு சனியன்! இப்பத்தான் தலகாணியத் தூக்கிப் போட்டேன்."

"மழை ரஹ்மத்துடி, ஆண்டவனோட கருணை. அதப் போய்த் திட்டுறியே" என்று மாமா உள்ளேயிருந்து சொல்வார்.

"ரஹ்மத்துதான், யாரு இல்லைன்னா? நான் தலகாணிய உள்ள எடுத்து வச்சப்பெறகு வந்தா ஆகாதா?"

மாமி எனக்கு உறவு ஒன்றும் கிடையாது, அடுத்த வீடு. பள்ளிவாசலை ஒட்டிய எங்கள் தெருவில் மூத்த பெண்கள் எல்லாருமே மாமிதான். ஆனாலும் மொட்டையாக 'மாமி' என்று சொன்னால் அது இவளைத்தான் குறிக்கும். நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். வெளியே கிளம்பும்போது போர்த்திக்கொள்ளும் துப்பட்டி மட்டும் கண் கூசும் வெள்ளை. அவளுக்கு உலகத்தில் பொறுக்காத விஷயம் ஒன்றே ஒன்று. வெயில் வீணாகப் போவது.

மிளகாய், மல்லி, புளி எல்லாரும் காயப்போடுவார்கள். மாமி அதோடு நிற்க மாட்டாள். மெத்தை, பாய், அலமாரித் தட்டு, மாமாவின் தொப்பி, விருந்துக்கு வந்தவர்களின் செருப்பு, எதுவும் தப்பாது. மனிதர்களையும் விட்டுவைக்க மாட்டாள். சளி பிடித்தவர், முழங்கால் வலிக்காரர், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள், எல்லாருக்கும் ஒரே வைத்தியம். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் நான் கணக்கில் தோற்றுப் போய்ச் சுருண்டு கிடந்த அன்று, எங்கள் வீட்டுக்குள் புகுந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் உட்கார வைத்தாள்.

"முதுகக் காமிச்சு ஒக்காரு மாப்ள. எல்லாம் எறங்கிரும்."

இறங்கத்தான் செய்தது. எரிச்சலில் எழுந்து ஓடி, அன்று மாலையே பந்து விளையாடப் போய்விட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மாமாவுக்குத் தொழில் குடை. மாசி வீதியில் சின்னதாகக் குடைக்கடை வைத்திருந்தார். மதுரையில் மழைக்குக் குடை வாங்குகிறவர் யார்? எல்லாரும் வாங்குவது வெயிலுக்குத்தான். "ஆண்டவன் சும்மா அனுப்புற வெயில மறைக்கிறதுக்கு ஒரு கடை" என்று மாமி தினமும் ஒரு தடவையாவது அவரை இடிப்பாள். அவர் குனிந்து சோற்றைப் பிசைவார். அந்தச் சோறு எந்தக் கடையிலிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

அவ்வளவு வெயில் பைத்தியமாக இருந்த மாமியின் வீட்டுக்குள் வெயிலே வராது. எங்கள் தெரு வீடுகள் மொட்டைமாடி இல்லாத ஓட்டு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியவை. உச்சிவேளையில் மட்டும் அவள் வீட்டு முற்றத்தில் முறம் அளவு வெயில் விழும். மாமி அதன் பின்னாலேயே ஒரு தட்டை நகர்த்திக்கொண்டு போவாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் சுவரேறிப் போய்விடும்.

இந்தப் பைத்தியம் முற்றிப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மாமிக்கு ஒரு பெண் பிறந்தாள். கண்பட்டுவிடும் என்று அவளை மட்டும் வாசலுக்கே கொண்டுவர மாட்டாள். நாலு வயதாகியும் அந்தப் பிள்ளை நிற்கவில்லை. கால்கள் குச்சியாகி, முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தன. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "வெயிலே படாம வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா எலும்பு எப்படிம்மா கெட்டிப்படும்? தினமும் எண்ணெய் தேய்ச்சுக் காலை வெயில்ல போடுங்க. விடாம செஞ்சா நின்னுரும்" என்றார். மாமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்துத் திட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மனுஷி சுவரோடு சண்டை போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தெருவிலும் உச்சி வெயில்தான், காலை வெயில் இறங்காது. மறுநாளிலிருந்து மாமி பார்க்குக்குப் போனாள்.

வடக்கு வெளி வீதியைத் தாண்டி வைகைக்குப் போகிற வழியில் முனிசிபாலிட்டி பார்க் ஒன்று இருந்தது. பார்க் என்று பெயர்தானே தவிர, பூச்செடி ஒன்றும் கிடையாது. ஓரத்தில் வேப்ப மரங்கள், ஒரு கிணறு, நடுவில் பெரிய கட்டாந்தரை. காலையில் நெசவுக்காரர்கள் அங்கேதான் தறி நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுவார்கள். சாயங்காலம் நாங்கள் பந்து உதைப்போம். மாமி விடிந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், சாக்கு விரித்து, எண்ணெய் தேய்த்து வெயிலில் படுக்க வைத்துவிடுவாள். சும்மா உட்கார அவளுக்கு வராதே, கூடவே ஒரு பொதி மிளகாயும் போகும். அவளைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாசல்படியைத் தாண்டாத பெண்கள் எல்லாம் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக வெயில் காயப் போவதைத் தெரு ஆண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மிளகாய் காய்ந்தாக வேண்டும் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்?

சில மாதங்களில் பிள்ளையின் கால் கொஞ்சம் தேறியது. கையைப் பிடித்துத் தூக்கினால் ஒரு நொடி ஊன்றும், பிறகு துவண்டுவிடும். "ஊனுது மாப்ள, ஊனுது!" என்று மாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து கத்துவாள்.

அந்த நேரத்தில்தான் கால்பந்துப் போட்டி வந்தது.

முந்தின வருஷம் சின்னதாக நடந்த போட்டிதான். இந்த வருஷம் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி ஒரு கமிட்டி போட்டார்கள். கோடை முழுக்கப் போட்டி, வெளியூர் டீம்கள், டிக்கெட், கோப்பை. எங்கள் டீமும் சேர்ந்தது. வலது ஓரத்தில் ஓடுகிறவன் நான். அதுவரை வெறுங்காலோடு ஆடிய எங்களுக்குப் பூட்ஸ் கட்டாயம் என்றார்கள். கணுக்காலுக்கு மேலே வரைக்கும் கெட்டித் தோல், முன்னால் இரும்பு மாதிரி மூக்கு. ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன் என்றால் என் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

பார்க்கைச் சுற்றி மூங்கில் நட்டு ஆளுயரத்துக்குத் தென்னந்தட்டி கட்டினார்கள். ஒரு வாசல், ஒரு வாட்ச்மேன். மாமி பிள்ளையோடு போனபோது வாட்ச்மேன் வாசலை மறித்தார். மேலூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனிதர்.

"போட்டி முடியட்டும்மா. அப்பறமா வாங்க."

"வெளாட்டு சாயங்காலம்தானே? காலையில எங்களுக்கு என்ன?"

"ஆளு நடமாடுனா கிரவுண்டு கெட்டுப்போகுமாம். கமிட்டி செகரட்டரி உத்தரவு."

"வெயிலு பட்டா கிரவுண்டு கெட்டுருமா? அதயும் மறைச்சு ஒரு தட்டி கட்டச் சொல்லுங்க" என்றாள் மாமி.

கோடைக்கு மட்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் மெல்லக் கசிந்தது. ஃபைனல் முடிந்ததும் கமிட்டி முனிசிபாலிட்டியிடம் இடத்தைக் கேட்டு வாங்கி, தட்டிக்குப் பதில் மதில் எழுப்பி, காலரி கட்டப் போகிறதாம். இனி டிக்கெட் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாதாம். நெசவுக்காரர்கள் பாவை எங்கே நீட்டுவது என்று கொதித்தார்கள். எங்கள் தெருவிலும் கொதிப்பு. மகஜர் எழுதி முனிசிபாலிட்டி சேர்மனிடம் கொடுத்தார்கள். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். ஒரு மாதம் ஆகட்டும் பார்க்கலாமிலேயே போனது.

அதற்குள் பிள்ளையின் கால் பழையபடி தொய்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் ஊன்றவே இல்லை. மாமி எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அடுத்த வீட்டில் அவள் குரல் கேட்காதது எனக்கு என்னவோ போலிருந்தது. ஃபைனலுக்கு வந்துவிட்ட டீமில் இருந்தும், பூட்ஸைப் போடும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் கால்தான் கண்ணில் நின்றது.

ஃபைனலுக்கு முந்தின வாரம் தட்டிக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெரிய கூட்டம். எங்கள் தெருக்காரர்கள், நெசவுக்காரர்கள், சுற்றுவட்டாரம் எல்லாம். சில இளவட்டங்கள் தட்டியைப் பிய்த்துத் தீ வைக்க வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் போலீஸ் வரும் என்று பயந்தார்கள். கத்தல் ஓயவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது.

"ஃபைனலு என்னிக்கு?"

"வர்ற ஞாயித்துக்கெழம. எதுக்கு மாமி?"

"சித்திரை மாசத்துல, ஞாயித்துக்கெழமையா?" மாமி சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "இந்தக் கமிட்டியில ஒரு பொம்பளயாச்சும் இருந்தா சொல்லியிருப்பா. அது வடகம் போடுற நாளுல்ல?"

ஆண்கள் விழித்தார்கள். பெண்கள் பக்கம் முதலில் ஒரு சலசலப்பு, பிறகு சிரிப்பு. நாங்கள் ஒன்றும் புரியாமல் வீட்டுக்குப் போனோம். அடுத்த நாலைந்து நாளும் குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தும் பெண்கள் நகரவில்லை. ஆண்கள் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

சனிக்கிழமை மாமி மாமாவிடம் ஒன்று கேட்டாளாம். கடையில் இருக்கிற கறுப்புக் குடை அத்தனையும் வேண்டும். மாமாவே பின்னால் என்னிடம் சொன்னார். "அத்தனையும் எறக்கிக் கட்டி வச்சுட்டேம்ப்பா. இம்புட்டு வருசத்துல அவ ஒரு கொடையக் கையால தொட்டதில்ல."

ஞாயிறு விடியுமுன் தெரு முழுக்கப் பச்சைமிளகாய் வாசனை. வீட்டுக்கு வீடு அரிசிக் கூழ் கொதிக்கிறது, சீரகமும் எலுமிச்சையும் மணக்கிறது. வெளுத்தபோது பார்த்தால் தெருவில் ஊர்வலம். தலையில் கூழ்ப்பானை, கக்கத்தில் பழைய வேட்டி. எங்கள் தெருவிலிருந்து துப்பட்டிகள், நெசவுக்காரர் தெருவிலிருந்து சேலைகள், எங்கிருந்தெல்லாமோ பெண்கள். முன்னால் மாமி, இடுப்பில் பிள்ளை. கடைசியில் குடைக்கட்டைச் சுமந்துகொண்டு மாமா. நானும் பின்னாலேயே ஓடினேன், யார் தடுத்தாலும் நிற்கிற நிலையில் நான் இல்லை.

வாட்ச்மேன் தடியைக் குறுக்கே நீட்டினார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் முன்னே வந்தாள். அவருடைய சம்சாரம்! அவள் தலையிலும் பானை.

"ஒதுங்குய்யா. கூழு ஆறுனா ஊத்த வராது."

"ஏத்தா, நீயுமா? என் வேலை போயிரும்!"

"வேலை போனா போகுது. வருசம் பூரா வடகம் இல்லாம திம்பியா?"

அவர் ஒதுங்கிவிட்டார். தடியைத் தட்டியில் சாய்த்துவிட்டுச் சம்சாரத்தின் பானையைத் தாமே இறக்கி வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் பரபரக்கிறது. வேட்டிகளை விரித்து, மூலைக்குக் கல் வைத்து, ஆளுக்கொரு கரண்டியோடு பெண்கள் குந்தினார்கள். இந்த கோல் கம்பத்திலிருந்து அந்த கோல் கம்பம் வரைக்கும் மைதானம் வெள்ளையாகிப்போனது. காக்கா வராமல் இருக்க இடையிடையே கறுப்புக் குடைகளை விரித்து வைத்தார்கள். மாமாவின் கடை முழுவதும் அங்கே விரிந்து கிடந்தது. அவர் ஒவ்வொரு குடையாகப் போய், காற்றில் பறக்காமல் கல் வைத்துக்கொண்டு நடந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

வாட்ச்மேன் பேருக்கு ஓடிப்போய்ச் செகரட்டரியிடம் தகவல் சொன்னாராம். செகரட்டரி படித்தவர், வக்கீல். "வடகம்தானே? இந்த வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ளே காய்ந்துவிடும், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். ஒரு தடவையாவது வடகம் ஊற்றிய கை என்றால் அந்தத் தவறைச் செய்திருக்காது.

சாயங்காலம் செகரட்டரி வந்தார். சேர்மன் கோப்பை கொடுக்க வந்துவிட்டார், திண்டுக்கல் டீம் வந்துவிட்டது, தட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஜனம் நெரிகிறது. வடகம் அப்படியே இருந்தது.

"எடுங்கம்மா எல்லாத்தையும்! என்ன அக்கிரமம் இது!"

மாமி எழுந்து நின்றாள். துப்பட்டிக்குள்ளிருந்து பேசினாலும் அவள் குரலுக்குத் தட்டி, மதில் எதுவும் தடை இல்லை.

"எடுக்கலாம் சார். எப்படின்னு நீங்களே சொல்லுங்க. மேலதான் காஞ்சிருக்கு, அடியில பூரா கூழு. சுருட்டுனா அம்புட்டும் ஒட்டிப்போகும். நாளை மறுநா வாங்க, உரிச்சுப் பொரிச்சே தாரேன்."

கூட்டம் சிரித்தது. செகரட்டரி எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? இறங்கி ஆடுங்கள். மிதிபட்டால் தானாக எடுப்பார்கள்."

கோட்டு ஓரத்தில் இரண்டு டீமும் நின்றோம். என் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி எங்கள் வீட்டு வேட்டி, எங்கள் வீட்டு வடகம். சிந்திய பருக்கையைப் பொறுக்கி உயரத்தில் வைக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். சோற்றில் பரக்கத்து, ஆண்டவனின் அருள் இருக்கிறது என்பார் என் அத்தா. பக்கத்தில் நின்ற எங்கள் கோல்கீப்பர், அரிசி லட்சுமி என்று முணுமுணுத்தான். யாரும் அசையவில்லை. திண்டுக்கல் கேப்டன் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்னப்பா பண்ணுற?" என்றார் செகரட்டரி.

"சோத்த மிதிச்சேன்னு தெரிஞ்சா எங்க ஆத்தா இந்தப் பூட்ஸாலேயே அடிக்கும் சார். நான் வெளாடல."

செகரட்டரிக்கு ரோஷம் வந்துவிட்டது. தாமே மைதானத்துக்குள் காலைத் தூக்கினார். சுற்றியிருந்த அத்தனை ஜனமும் ஒரே குரலில் "ஏய்!" என்றது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. வடகத்தைப் பார்த்தார், தம் காலைப் பார்த்தார். அவரும் அரிசிச்சோறு தின்று வளர்ந்தவர்தானே. காலைப் பின்னால் எடுத்து வைத்துக்கொண்டார்.

இதற்குள் சேர்மன் எழுந்து வந்தார். "என்னதான்மா வேணும் உங்களுக்கு?"

"வெயிலு வேணும் சார்" என்றாள் மாமி. இடுப்பிலிருந்த பிள்ளையின் காலைத் துணி விலக்கிக் காட்டினாள். "இந்தக் கால் ஊனுச்சு. நீங்க தட்டி கட்டுனீங்க, மறுபடி தொஞ்சு போச்சு. எங்க வீட்டுல மொறம் அளவுதான் வெயிலு விழுது, இவளுக்கு அது பத்தாது. காலையில எங்களுக்கு விடுங்க, பாவு நீட்டுறவங்களுக்கு விடுங்க. வெயிலு எறங்குனப்பெறகு எனக்கு இங்க என்ன சோலி? நீங்க தாராளமா வெளாடுங்க. தட்டியும் வேணாம், மதிலும் வேணாம்."

சேர்மன் பிள்ளையின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றியிருந்த ஜனத்தைப் பார்த்தார். "மதில் கிடையாது. தட்டியை அவிழ்த்துவிடுங்கள்" என்றார்.

அவிழ்ப்பதாவது! அவர் வாயை மூடுமுன் தட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. விசில் பறக்கிறது, துண்டு பறக்கிறது. மாமி மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தாள்.

"சுருட்டத்தான் கூடாது. வெறப்பாப் பிடிச்சுத் தூக்கலாம். மூலைக்கு ஒருத்தரு வாங்க!"

அதை முன்னமே சொல்லாத கள்ளி! இரண்டு டீமும், டிக்கெட் வாங்கி வந்தவர்களும், வாங்காமல் வந்தவர்களும், வாட்ச்மேனும் வேட்டி மூலையைப் பிடித்தோம். ஒரு சொட்டுக் கூழ் சிந்தாமல் வேப்பமரத்து ஓரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினோம். ஒரு மூலையில் செகரட்டரி நின்றார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மிச்சமிருந்த வெளிச்சத்தில் ஃபைனல் நடந்தது. நாங்கள் தோற்றோம். அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

மறுநாள் காலை பார்க்குக்குப் போனேன். மாமி பிள்ளையைச் சாக்கில் உட்கார வைத்துவிட்டு வடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அந்தப் பூட்ஸக் கொண்டாந்து வெயில்ல வையி. வேர்வ நாத்தம் தெரு வரைக்கும் வருது" என்றாள். வைத்தேன்.

பிறகு எத்தனையோ காலைகள் அப்படித்தான். சாக்கில் பிள்ளை, பக்கத்தில் மிளகாய், அதற்குப் பக்கத்தில் என் பூட்ஸ். சித்திரை போய், ஆடிக் காற்றும் ஓய்ந்த பிறகு ஒருநாள் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை தவழ்ந்துபோய் என் பூட்ஸுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு விளையாடினாள். முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. காக்காய்க்காகப் பக்கத்தில் நட்டிருந்த மாமாவின் குடைக் காம்பைப் பிடித்தாள், எம்பினாள், எழுந்தாள்.

நின்றாள். கெட்டித் தோல் அவள் காலை அணைத்துப் பிடித்திருந்தது. குடையை விட்டாள். அப்போதும் நின்றாள்.

"மாமி!" என்று கத்தினேன்.

மாமி கையிலிருந்த மிளகாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வாரி எடுக்க இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அவள் நிழல் பிள்ளையின் மேல் விழுந்தது. உடனே கையை இழுத்துக்கொண்டு, ஒரு எட்டு பக்கவாட்டில் விலகி நின்றாள். வெயில் மறுபடி பிள்ளையின் மேல் விழுந்தது.

"யாரும் கிட்ட வராதீங்க" என்றாள். "அது பாட்டுக்கு நிக்கட்டும்."